யூட்டின் பெயரில் வந்த இரத்தம்

எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துக்குப் புதிதாக ஒரு இரத்த எண்ணி மெஷின் வந்திருக்கிறது. அதைத் தொடக்கிவைக்கும் நாளுக்கு ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். “மிஸ், நீங்கள் பழைய ஆள், உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ” என்று இப்போது அங்கே பொறுப்பாக இருக்கும் பிள்ளை தொலைபேசியில் கேட்டாள். பழைய ஆள் என்று சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். கர்ப்பிணித் தாயின் முதல் இரத்தத்தைப் போட்டதும், சிவப்பணு சிறுத்திருந்தால் மெஷின் தானாகவே சிவப்பு எழுத்தில் காட்டுமாம். முதல்முறை காட்டியபோது எல்லோரும் சுற்றிநின்று கைதட்டினார்களாம். நான் வேலை செய்த காலம் முழுக்க அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் கைதட்டியதாக ஞாபகம் இல்லை.

மெஷின்மேல் எனக்குப் பொறாமை என்று நினைக்கவேண்டாம். கொஞ்சம் உண்டுதான். ஆனால் என் பொறாமையில் பெரும்பங்கை வேறொருத்தி எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டாள். அவள் பெயர் பிலோமினா. மன்னாரை அடுத்த மீன்பிடி ஊரான பேசாலையில் மருத்துவ மாதுவாக, அதாவது பிரசவ நர்ஸாக, இருந்தவள். சனம் அவளைக் கூப்பிடுவது பிலோமினா மிசி என்று.

நானும் அவளும் மன்னாரில் ஒரே கொன்வென்றில் ஒரே வகுப்பு. கணக்கிலும் விஞ்ஞானத்திலும் நான்தான் முன்னுக்கு. அவள் என் கொப்பியைப் பார்த்து எழுதினவள். கேட்டால் இன்றைக்கும் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வாள். நான் கொழும்புக்குப் போய் ஆய்வுகூடத் தொழில் படித்தேன். அது சண்டைக்காலம். எப்படிப் போனேன், எப்படித் திரும்பிவந்தேன் என்று எழுதத் தொடங்கினால் இந்த மலர் போதாது, எனக்கும் விருப்பமில்லை. படித்தேன், தேறினேன், மன்னாருக்கே திரும்பினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பிவந்து பார்த்தால் பிலோமினா ஒரு சைக்கிளில் பேசாலை முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் போகும் இடமெல்லாம் பெண்கள் வேலிக்கு வந்து நின்று அவளோடு கதைத்தார்கள்.

எங்கள் வேலை எப்படியென்றால், ஒரு பெண் கர்ப்பமானதும் முதலில் பிலோமினாவிடம் பதிவாள். பிலோமினா அவளைக் கிளினிக்குக்கு அனுப்புவாள். அங்கே எடுக்கும் இரத்தம் எங்களிடம் வரும். அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கண்டுபிடிப்பது நான். அதைத் தாளில் எழுதி அனுப்புவேன். அந்தத் தாளைப் பார்த்து மருந்து எழுதுவது டொக்டர். வீட்டுக்குப் போய் “ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ பிள்ளை” என்று சொல்வது பிலோமினா. பிள்ளை பிறந்தால் மீன் யாருக்குப் போகும்? ஞானஸ்நானத்துக்கு அழைப்பு யாருக்குப் போகும்? அவள் வீட்டு அலுமாரிக் கண்ணாடியில் ஊர்ப் பிள்ளைகளின் படங்களைச் செருகி வைத்திருப்பாள். தன் முகம் பார்க்க இடமில்லாத அளவுக்குப் படங்கள். எனக்கோ நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு கேக் துண்டுகூட பேசாலையிலிருந்து வந்ததில்லை. இரத்தம் மட்டும் பெட்டி பெட்டியாக வரும்.

திட்டும் தவறாமல் வரும். வெளிக் கிளினிக்கில் எடுத்த இரத்தம் சிலவேளை குப்பிக்குள்ளேயே உறைந்துபோய் வந்துசேரும். உறைந்த இரத்தத்தை எண்ண முடியாது. அந்தத் தாயை மறுபடி கூப்பிட்டு மறுபடி ஊசி குத்தவேண்டும். குத்துவது நான், திட்டு வாங்குவதும் நான். “எங்கட மிசி குத்தினா நோகாது” என்று என் முகத்துக்கு நேரே சொல்லுவார்கள். நுங்கு குடித்தவள் ஓடிவிட, கோம்பை சூப்பினவள் பிடிபட்ட கதைதான்.

என் மேலதிகாரியாக இருந்தவர் சிவபாதம் ஐயா. அடம்பன் பக்கம் வயல்காரக் குடும்பம். சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். சத்தம்போட்டு ஒருநாளும் பேசமாட்டார். இரத்தக் குப்பி ஒன்றை அவர் கையில் கொடுத்தால் முதல் கேள்வி, “ஆர் இது?” ‘கர்ப்பிணி இரத்தம் ஐயா’ என்று சொன்னால் திருப்பித் தந்துவிடுவார். பெயர், ஊர், எத்தனையாவது பிள்ளை எல்லாம் சொல்லவேண்டும். “குப்பிக்குள்ள ஆள் இருக்கு, மகள்” என்பார். ஊதா மூடிக் குப்பியில் இரத்தம் எடுத்ததும் அதை மெதுவாகச் சரித்துச் சரித்து, உறையாமல் தடுக்க உள்ளே இருக்கும் மருந்தோடு கலக்கவேண்டும். குலுக்கினால் அணு உடையும், சரிக்காமல் விட்டால் உறையும். யாராவது குலுக்குவதைக் கண்டால் அந்தக் குப்பியை வாங்கிக் கழிவு வாளிக்குள் போட்டுவிடுவார். பிறகு குலுக்கினவர்தான் போய் அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி குத்தவேண்டும்.

ஆளைக் கேட்பதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. “நீங்கள்தானே இன்னார்?” என்று கேட்கக்கூடாது. ஆஸ்பத்திரிக்கு வந்த சனம் பயத்தில் எதற்கும் ஓம் என்று தலையாட்டும். “உங்கட பேர் என்ன?” என்று கேட்டு, அவர்கள் வாயால் சொல்லவைக்கவேண்டும். நான் அந்த முறையிலிருந்து ஒருநாளும் விலகினதில்லை. அவர் யாரையும் புகழ்ந்ததில்லை. ஒரேயொரு முறை, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, “அந்தப் பிலோமினாப் பிள்ளைக்குச் சனத்தைத் தெரியும்” என்றார். என் கோப்பையில் சீனி போட்டிருந்தேனா இல்லையா என்றே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அவ்வளவு எரிச்சல்.

இனி ஸ்டெலாவின் விஷயத்துக்கு வருகிறேன். சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சிவபாதம் ஐயா ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தார். ஸ்டெலா பேசாலைப் பிள்ளை. முதல் கர்ப்பம், பதிந்து வந்த முதல் இரத்தம். அப்போதிருந்த பழைய மெஷின் கொடுத்த எண்களைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. ஹீமோகுளோபின் 10.4. அது பெரிய விஷயம் இல்லை. எங்கள் பெண்களில் பலருக்கு அப்படித்தான். ஆனால் சிவப்பணுவின் சராசரிப் பருமன், நாங்கள் எம்.சி.வி. என்று சொல்வது, 62. எண்பதுக்கு மேல் இருக்கவேண்டியது. அதேநேரம் அணுக்களின் எண்ணிக்கை வழமையைவிடக் கூடுதல்.

இதை வீட்டுப் பாஷையில் சொல்கிறேன். மா குறைந்த வீட்டில் ரொட்டியும் சின்னதாகும், எண்ணிக்கையும் குறையும். இரும்புச்சத்துக் குறைவு அப்படித்தான். ஸ்டெலாவின் இரத்தத்தில் ரொட்டி சின்னது, ஆனால் அடுக்கு உயரம். அப்படி வந்தால் தலசீமியா என்ற பரம்பரைக் குறையைச் சந்தேகிக்கவேண்டும். கண்ணாடித் தட்டில் இரத்தத்தை மெல்லிதாக இழுத்து, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். சின்னச் சின்ன, வெளிறிய அணுக்கள். ஐயாவைக் கூப்பிட்டேன். குனிந்து நெடுநேரம் பார்த்தார். “புருஷனைக் கூப்பிடச் சொல்லு” என்றார்.

தலசீமியாக் குறை தாய்க்கு மட்டும் இருந்தால் பயமில்லை, சுகமாகத்தான் இருப்பாள். தகப்பனுக்கும் இருந்தால், பிறக்கும் பிள்ளை நாலில் ஒரு பங்கு வாய்ப்போடு இரண்டு பக்கத்திலிருந்தும் குறையை வாங்கும். அந்தப் பிள்ளை பிறக்கும்போது கொழுகொழுவென்று இருக்கும். சில மாதங்களில் வெளிறிப் போகும், பால் குடிக்காது, வயிறு வீங்கும். மாதாமாதம் இரத்தம் ஏற்றினால்தான் உயிர். நோய் இன்னதென்று தெரியாவிட்டால் சளி என்பார்கள், பூச்சி என்பார்கள், கண்ணூறு என்பார்கள். தெரியவரும்போது பிள்ளை கையைவிட்டுப் போயிருக்கும். ஸ்டெலாவும் அவள் கணவன் யூட்டும் சொந்த மச்சான் மச்சாள். அதற்காகவே கத்தோலிக்கக் கோயிலில் விசேட அனுமதி வாங்கிக் கலியாணம் கட்டினவர்கள். ஒரே குடும்ப இரத்தம் என்பதால் எனக்கு இன்னும் பயம்.

கணவன் வந்தான். நான்தான் இரத்தம் எடுத்தேன். கறுத்து ஒல்லியான பொடியன், ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தான். முறைப்படி கேட்டேன், “உங்கட பேர் என்ன?” யூட் என்றான். வயது சரியாகச் சொன்னான். மனைவியின் பெயர் கேட்டேன், ஸ்டெலா என்றான். எம்.சி.வி. 87 வந்தது. படம் பிடித்து மாட்டலாம் போன்ற அழகான அணுக்கள். பெருமூச்சு விட்டேன். டொக்டரும் பார்த்துவிட்டு, தகப்பனுக்கு இல்லை, பிள்ளைக்குப் பயமில்லை என்று எழுதினார். அந்த ஒரு முறையாவது என்னால் ஒரு வீடு நிம்மதியாகத் தூங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கிளினிக் முடிந்ததும் பிலோமினா அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நேரே எங்கள் யன்னலுக்கு வந்தாள்.

“எடியே றீற்றா, இது ஆற்ற இரத்தம்?”

“வாசிக்கத் தெரியாதே? யூட்.”

“இந்தத் திகதியில யூட் கடல்ல.”

“இந்தக் கதிரையில இருந்தவன். நான்தான் குத்தினனான். பேர் கேட்டனான்.”

“நீ கேட்டிருப்பாய். அண்டைக்குத்தான் அவையின்ர போட்டுக்குக் கட்டா மீன் நிறையப் பட்டது. விடிய முதல் போனவங்கள், பொழுதுபடத்தான் கரைக்கு வந்தவங்கள். யூட்தான் ஓட்டி. நான் கரையில நிண்டனான். எனக்கும் ஒரு மீன் தந்தவன்.”

எனக்கு முதலில் கேட்டது அந்த மீன்தான். ‘உனக்கு மீன் தராத வீடு எது?’ என்று கேட்க வாய் வந்தது. பிறகுதான் மற்றது உறைத்தது. அப்படியென்றால் என் கதிரையில் இருந்தது யார்?

அன்று பின்னேரமே பிலோமினாவோடு பேசாலைக்குப் போனேன். கரையில் யூட்டும் அவன் தம்பி றெஜியும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். றெஜியைக் கண்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. என்னைக் கண்டதும் அவன் மறுபடி சுவரைத் தேடினான்; கரையில் சுவர் இல்லாததால் கடலைப் பார்த்தான்.

“ஏன்டா இப்பிடிச் செய்தனீ?” என்று பிலோமினா கேட்டாள்.

“மிசி, காத்து விழுந்து ரெண்டு நாள்தான் கடல் அடங்கினது. அண்ணா இல்லாட்டி போட் போகாது. அதுதான் நான் போய்க் குடுத்தனான்.”

“அவன்ர பேரைச் சொல்லி?”

“ஒரு வயித்தில பிறந்தனாங்கள்தானே மிசி. அவருக்கும் எனக்கும் ஒரே இரத்தம்தானே? பிழையோ?”

அவன் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான். யூட்டும் தலையாட்டினான். பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர், “தம்பி குடுத்தா என்ன, தமையன் குடுத்தா என்ன, பிள்ளை?” என்று எனக்கு விளக்கம் சொன்னார். நான் வாயைத் திறந்து, ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகளுக்குள்ளும் ஒருவருக்குக் குறை வரும், மற்றவருக்கு வராது என்று தொடங்கினேன். பிலோமினா இடையில் புகுந்தாள். “யூட், உனக்குச் சுருட்டை மயிர். றெஜிக்கு நீட்டு மயிர். ஒரே வயிறுதானே, ஏன் அப்பிடி?” என்றாள். யூட் தலையைத் தடவிப் பார்த்தான். மறுநாள் காலையில் கடலுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றான்.

என் எண் பிழையில்லை என்பதை இங்கே அழுத்தி எழுதுகிறேன். 87 என்பது சரியான எண். ஆள்தான் பிழை. சிவபாதம் ஐயாவிடம் போய்ச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆர் இது எண்டு நான் கேக்கிறது குப்பியைப் பாத்து. அந்தப் பிள்ளை ஆளைப் பாத்துக் கேட்டிருக்கு” என்றார். இது அவளுக்கு இரண்டாவது புகழ்ச்சி. எனக்கு அதுவரை ஒன்றும் இல்லை.

உண்மையான யூட்டின் எம்.சி.வி. 65. வெளி மாவட்டத்துக்கு அனுப்பிச் செய்த பரிசோதனையும் இருவருக்கும் குறை உண்டென்று உறுதிசெய்தது. டொக்டர் இருவரையும் இருத்தி எல்லாவற்றையும் விளக்கினார். ஸ்டெலா ஒரே சொல்லில் முடித்தாள். “எப்பிடி வந்தாலும் அது என்ர பிள்ளை டொக்டர். வருத்தம் எண்டா வைத்தியம் பாப்பம்.” மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். வெளியே வந்து மரத்தடியில் பிலோமினாவின் தோளில் சாய்ந்து அழுதாள். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுடைய அணுக்களைக் கண்டுபிடித்தது நான். என் தோளும் தோள்தான்.

பெண் குழந்தை பிறந்தது. இந்தக் குறையைப் பிறந்தவுடனே உறுதியாகச் சொல்ல முடியாது. குழந்தை இரத்தத்தின் தன்மை மாறும்வரை பொறுக்கவேண்டும். மாதங்கள் போயின. பிலோமினா வாராவாரம் போய்ப் பிள்ளையின் கண் இமையை விரித்துப் பார்த்துவிட்டு வந்து, “இன்னும் வெளிறேல்ல” என்று எனக்குச் சொல்லுவாள். ஒரு வயது நெருங்கியபோது இரத்தம் எடுத்து அனுப்பினோம். விடை எங்கள் ஆய்வுகூடத்துக்கே வந்தது. பிள்ளைக்கு ஒரு பக்கக் குறை மட்டும், தாய் தகப்பனைப்போல. நோய் இல்லை. அது சுகமான பிள்ளை.

நான் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு டொக்டரிடம் போனேன். அடுத்த கிளினிக்கில் சொல்லலாம் என்றார். “அவ்வளவு நாள் ஏன் அந்தப் பிள்ளை தவிக்கவேணும் டொக்டர், நான் கொண்டுபோய்ச் சொல்லுறன்” என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். ஸ்டெலாவின் தவிப்பு ஒரு காரணம்தான். மற்றக் காரணத்தையும் எழுதிவிடுகிறேன். வாழ்க்கையில் ஒருமுறையாவது ஒரு நல்ல செய்தியை என் வாயால் சொல்லி, அந்த முகம் மலர்வதை நான் பார்க்கவேண்டும். பிலோமினாவுக்கு முதல் பார்க்கவேண்டும். நல்ல சேலையொன்றை உடுத்திக்கொண்டு பேசாலை பஸ்ஸில் ஏறினேன். அவளுக்குச் சொல்லவில்லை.

ஸ்டெலா முற்றத்தில் பாயில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை இடுப்பில். என்னை யாரென்று அவளுக்கு மட்டுக்கட்டத் தெரியவில்லை.

“ஆர் நீங்கள்?”

“நான் ஆஸ்பத்திரி லாப்பில இருந்து வாறன். பிள்ளையின்ர ரிப்போட் வந்திட்டுது.”

அவள் முகம் வெளிறிப்போனது. ஆஸ்பத்திரியிலிருந்து முன்பின் தெரியாத ஒரு ஆள், நல்ல சேலை உடுத்து, வீடு தேடி வந்தால் அது என்ன செய்தியாக இருக்கும் என்று அவள் நினைத்திருப்பாள்? நான் அவசரப்பட்டேன்.

“பயப்பிடாதையுங்கோ. பிள்ளைக்கு இருக்கு, ஆனா அது நோய் இல்லை, ஒரு பக்கம் மட்டும்தான்…”

‘இருக்கு’ என்பதோடு அவள் காது அடைத்துவிட்டது. பிள்ளையை இறுக்கிக்கொண்டு மீன் பாயிலேயே குந்திவிட்டாள். என் வாயில் வந்ததெல்லாம் சரியான விளக்கம். ஒரு சொல்கூடப் பிழையில்லை. அவள் கேட்கவேயில்லை. “மாதாவே, மாதாவே” என்று ஒரே சத்தம். அயல் சனம் கூடிவிட்டது. ஒருத்தி என்னைப் பார்த்து, “என்ன சொன்னனீங்கள் அவளுக்கு?” என்று சண்டைக்கு வந்தாள். இன்னொருத்தி பிலோமினா வீட்டுக்கு ஓடினாள்.

பிலோமினா வந்தாள். நின்ற சனத்தைப் பார்த்தாள், என் சேலையைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு. ஸ்டெலாவுக்குப் பக்கத்தில் மீன்களுக்கு நடுவே இருந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ சொல்லு றீற்றா. நான் திருப்பிச் சொல்லுறன்.”

“தாயைப்போலத்தான் பிள்ளையும்” என்றேன்.

“பிள்ளை உன்னைப்போலத்தானாம் ஸ்டெலா. உனக்கு என்ன குறைஞ்சது? ரெண்டு குடம் தண்ணியை ஒரேயடியாத் தூக்கிறாய்.”

“இரத்தம் ஏத்தத் தேவையில்லை.”

“ஊசி இல்லை, இரத்தம் இல்லை. பள்ளிக்கூடம் போகும், சண்டை பிடிக்கும், உன்னைப்போல வாய் காட்டும்.”

ஸ்டெலா அழுகையை நிறுத்தினாள். மெல்ல மெல்ல அவள் முகம் மலர்ந்தது. நான் பார்க்க ஆசைப்பட்ட அதே முகம். நான் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. ஆனால் செய்தி என் வாயிலிருந்து வந்துகொண்டிருக்க, அவள் பார்த்துக்கொண்டிருந்தது பிலோமினாவின் வாயை. திரும்பும் பஸ்ஸில் என் சேலை முழுக்கக் கருவாட்டு மணம்.

இப்போது நாங்கள் இரண்டு பேருமே ஓய்வுபெற்றுவிட்டோம். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள். பிலோமினா சொன்னபடியே நல்ல வாய்க்காரியாம். போன மாதம் பிலோமினா என் வீட்டுக்கு வந்தாள். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய இரண்டு பார்சல்கள்.

“ஸ்டெலா தந்துவிட்டவள். கட்டாக் கருவாடு. ஒண்டு எனக்கு, ஒண்டு லாப் மிஸ்ஸுக்காம்.”

எனக்கா? நான் இரண்டையும் வாங்கினேன். வாழ்நாள் முழுக்க அளந்து பழகிய கை சும்மா இருக்குமா? வலது கையில் அவள் பெயர் எழுதினதையும், இடது கையில் என்னுடையதையும் வைத்துத் தூக்கிப் பார்த்தேன். பிலோமினா கதிரையில் இருந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எது பாரம்?” என்று கேட்டாள்.

“உன்ர.”

“அப்ப அதை நீ எடன்.”

ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. பாரமானதை எடுத்துக்கொண்டுபோய்க் குசினி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்துதான் அவளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றினேன்.